ஒரு தாள் அளவு இடம்

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. என் கையால். நம்பிக்கை இல்லாவிட்டால் எழுத்தைப் பார். வரி ஒவ்வொன்றும் மேட்டில் ஏறுகிற மாடு மாதிரி மேலே மேலே போகும். அது நான்தான். முட்டி வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? இதைப் படித்து முடித்தபிறகு ஒரு தடவை பார்த்து எழுது.

எழுபத்தோரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டப் பழகிவிட்டேன். கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். தீவன மூட்டையில் என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? 'ஈரத்தில் வைக்காதீர்.' இத்தனை வருஷமாக ஈரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

இதுவரை உன் கடிதங்களைத் தீவனக்கடைக் குமாஸ்தாதான் எனக்கு வாசிப்பார். நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதுவதும் அவர்தான். போன மாதம் உன் கடிதத்தை விரித்து, "கோழிங்க எல்லாம் சுகமான்னு கேட்டிருக்காங்க" என்றார். வீட்டுக்கு எடுத்துவந்து நானே எழுத்துக்கூட்டினேன். 'உன் கொட்டகை கோழிகளுக்கு ஜெயில், நீ அதற்கு ஜெயிலர்' என்று இருந்தது. மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னய்யா இது?"

"ரெண்டு பேரும் வெட்டிக்கிற மாதிரி பேசறீங்க. நான் கொஞ்சம் தண்ணி ஊத்தினேன்."

"எவ்வளவு நாளா?"

"முதல்லேர்ந்தே."

இனி தண்ணீர் கிடையாது. விஷயத்துக்கு வருகிறேன். அப்பா நமக்குப் பிரித்துக்கொடுத்த நிலத்தில் உன் பாதியில் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் குச்சி நட்டு அளக்கிறார்கள். மூன்று இறக்கை வைத்த ராட்சசக் காற்றாடி வரப்போகிறதாம். என் கொட்டகைக்கு நேர் எதிரே. அது சுற்றினால் சத்தம் வரும், நிழல் வந்து வந்து போகும், கோழி முட்டையிடாது. என்னைக் கேட்காமல் எப்படிச் சரி என்றாய்? படிப்பு ஏறிய அளவுக்கு உனக்குப் புத்தி ஏறவில்லை. கம்பெனியைத் திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கைநாட்டு அல்ல, கையெழுத்து)


ஜனவரி 22

அண்ணனுக்கு,

நீ சொன்னபடியே ரத்த அழுத்தம் பார்த்தேன். டாக்டர் மெஷினில் கோளாறு என்று நினைத்து வேறு மெஷின் கொண்டுவரச் சொன்னார். உன் முட்டி வலி அப்படியே இருக்கட்டும்.

வருஷத்துக்கு வருஷம் உன் கடிதம் இனிமையாகிக்கொண்டே வந்தது. 'அன்புத் தங்கைக்கு' என்று தொடங்கும். 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று முடியும். வயசாக ஆக மனுஷன் கனிந்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கனிந்தது குமாஸ்தா என்று இப்போது தெரிகிறது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

என் பாதி என்னுடையது. காற்றாடி வரும். சத்தத்தைப் பற்றி யார் பேசுவது? உன் கொட்டகைக்குள் நின்று ஒருவர் பேசினால் இன்னொருவர் காதில் விழாது. போன தடவை வந்தபோது அரை நாள் எனக்குக் காது அடைத்திருந்தது.

நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டவள். ஒரே இடத்தில் கிடக்கிற உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெருமையாக எழுத ஆரம்பித்திருக்கிறாய் அல்லவா, அந்தத் தாள் ஒன்றை எடுத்துப்போய்க் கூண்டுக்குள் வைத்துப் பார். உன் கோழி ஒன்றுக்கு அந்த அளவு இடம்தான். வாழ்நாள் முழுக்க அதன்மேல் நிற்கிறது. இறக்கை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

வேறென்ன. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

தங்கை


பிப்ரவரி 11

வாயாடிக்கு,

சின்ன வயதில் உனக்கு வைத்த பேர் சரியான பேர். நான் சுகம். நீயும் சுகமாக இருந்து தொலை, பதில் எழுத ஆள் வேண்டும்.

தாளை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது தப்பு. தாள் பெரிது, கூண்டில் அடங்காமல் ஓரம் மடங்கியது. அதற்குள் கோழிகள் அதைக் கொத்தித் தின்றுவிட்டன. அது உனக்காக ஒரு வாரம் உட்கார்ந்து எழுதின தாள். தாமதத்துக்குக் காரணம் இதுதான். அதில் இதைவிட நன்றாகத் திட்டியிருந்தேன்.

முட்டை லாரி டிரைவரிடம் விசாரித்தேன். உன் தெருக் கடைக்கும் அவர்தான் இறக்குகிறார். "அங்க யாருய்யா கூண்டுக்கோழி முட்டை வாங்குறா?" என்றேன். "எல்லாரும்தான். கூண்டுல அடைக்காத கோழி முட்டை ஓரமா இருக்கும், கையில எடுத்துப் பாப்பாங்க, விலையப் பாத்து வச்சிடுவாங்க" என்றார். நான் ஜெயிலர் என்றால், ஜெயிலுக்குப் படி அளப்பவர்கள் உன் தெருவில்தான் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பையில் தாள்களோடு ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். கருத்துக் கேட்கிறாளாம். "காத்துலேர்ந்து மின்சாரம் எடுக்கறது நல்லதா?" எல்லோரும் நல்லது என்றார்கள். "உங்க ஊர்ல வச்சா?" என்றதும், "இங்க எதுக்கு, அந்தப் பக்கம் மலை இருக்கே" என்றார்கள். நான் ஒருத்தன்தான் முதல் கேள்விக்கே "கெட்டது" என்றேன். பொய் சொல்லாதவன் நான் ஒருத்தன்தான் என்று அதற்கு அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். ஒரு பலகையில் 'காற்றாடி வேண்டாம்' என்று நானே எழுதி ரோட்டோரம் நட்டேன். சிவப்பு பெயின்ட். எழுதி முடிக்க இரண்டு நாள் காலைப்பொழுது ஆயிற்று. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி வாசிக்கிறார்கள். நான் எழுதியதை ஆட்கள் வாசிக்கிறார்கள். அதைப் பார்க்க நீ இங்கே இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணனுக்கு,

நான் நலமா என்று நீ கேட்கவில்லை. நலம். நீ நலமா என்று நானும் கேட்கவில்லை.

நீ கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்ததெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும். எங்கள் வாசலிலும் ஒரு பெண் வந்து கேட்டாள், கோழியை அடைத்து வளர்ப்பது சரியா என்று. மூன்று மாடியிலும் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். ஐயோ பாவம் என்ற வாய் மூடுவதற்குள் படியிறங்கிப் போய் மலிவு முட்டை வாங்கினார்கள். நான் ஓரத்தில் இருக்கிற முட்டைதான் வாங்குகிறேன். "அத்தை முட்டைக்கு மட்டும் ராஜா வீட்டுக் கோழி வேணும்" என்று மருமகள் கேலி பண்ணுகிறாள். மொட்டைமாடியில் சூரியத் தகடு பதிக்கலாம் என்று ஒரு கூட்டம் நடந்தது. துணி காயப்போட இடம் போய்விடும் என்று தள்ளிவிட்டார்கள். நான் ஒருத்திதான் கை தூக்கினேன். அதனால் ஊர் யோக்கியதையை எனக்குப் பாடம் நடத்தாதே.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். போன கோடையில் கரண்ட் போய்க் கொட்டகை விசிறிகள் நின்றபோது எத்தனை கோழி செத்தது? 'சில' என்று குமாஸ்தா எழுதினார். அது தண்ணீர் ஊற்றிய 'சில' என்று இப்போது புரிகிறது. மூடிய கொட்டகை. விசிறி நின்றால் உள்ளே அடுப்பு. ஜெனரேட்டரை நீ ஓடிப்போய்க் கையால்தான் கிளப்ப வேண்டும், அதுவும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு. காற்றாடி வந்தால் புது மின்லைன் வரும், கரண்ட் போகாது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். உனக்காக இல்லாவிட்டாலும் அந்த வாயில்லாத ஜீவன்களுக்காக யோசி.

பலகையை எடு.

தங்கை


ஏப்ரல் 6

வாயாடிக்கு,

உன் அண்ணன் மிகவும் சௌக்கியம். இன்றைக்கு முட்டி வலிகூட இல்லை. காரணம் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

கம்பெனி போய்விட்டது. இத்தனை பேர் எதிர்த்தால் இங்கே வேண்டாம் என்று பெரிய இடத்தில் சொல்லிவிட்டார்களாம். மண் பார்க்க உன் நிலத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள், அதைக்கூட மூடாமல் போனார்கள். நாங்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மை தடவின கட்டைவிரல் இல்லை. முழுப் பேர், அப்பா பேரோடு. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள். "மாலை வகுப்புக்கு வாங்கப்பா" என்று சொன்னேன்.

மொட்டைமாடியில் உன் பக்கத்து வீட்டுக்காரர்களே துணிக்கொடிக்கு வக்காலத்து வாங்கினார்கள் என்று எழுதினாய். உன் தலைக்கு மேல் வைக்க முடியாததை என் மூக்குக்கு நேராக நடப் பார்த்தாய். கேட்டால் கோழிக்காகவாம். கோழி உன்னிடம் வந்து அழுததா?

கரண்டைப் பற்றி நீ கவலைப்படாதே. ஜெனரேட்டர் இருக்கிறது, நான் இருக்கிறேன், கொட்டகையைவிட்டு எங்கே போகப்போகிறேன். முட்டை தினமும் லாரி நிறைய ஏறுகிறது.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. இதில் வரி கொஞ்சம் நேராக வந்திருக்கிறது.

ஜெயித்த அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

சந்தோஷமா? ஊரெல்லாம் வாசித்ததா உன் பலகையை? எழுத்து தெரியாத காலத்தில் நீ கெடுத்தது உன் வீட்டோடு நின்றது. இப்போது ஊருக்கே பெயின்ட் அடிக்கிறாய். நீ படிக்கவில்லையே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, படித்து என்ன செய்தாய் என்று பார்க்க அவள் இல்லை.

அந்த மாலை வகுப்பு டீச்சரைப் பார்த்தால் கேட்க வேண்டும், அ எழுதச் சொல்லிக்கொடுத்தீர்களே, அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கவும் ஒரு பாடம் வைக்கக்கூடாதா என்று. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். கிணற்றுச் சுவரில் நடக்காதே என்றால் அதன்மேல் ஓடுவாய். விழுந்தால் நான் தள்ளிவிட்டதாகச் சொல்வாய். அடி எனக்கு விழும்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கே இங்கே தினமும் கரண்ட் போகிறது. உங்களுக்கு எப்படியோ.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கம்பெனியிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். புது லைன் யாருக்குப் போவதற்கும் முன்னால் என் அண்ணன் கொட்டகைக்குப் போக வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இதை உனக்காகச் செய்ததாக எண்ணிக்கொள்ளாதே.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை


மே 17

தங்கச்சிக்கு,

நான் நலம். நீ நலம்தானே? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்தது. முழுவதும் வாசித்தேன்.

வகுப்பு நடக்கிறது. டீச்சர் இப்போது பத்திரிகை வாசிக்கச் சொல்கிறார். மழை இன்னும் இல்லை. இங்கே சத்தமில்லாமல் இருக்கிறது. நீ உன் மாத்திரைகளை விடாமல் போடு. வெயிலில் வெளியே போகாதே.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


மே 29

அண்ணனுக்கு,

எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. உடம்புக்கு என்ன? முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நீ என்னைத் திட்டவே இல்லை. நான் அம்மாவை இழுத்துப் பேசியிருக்கிறேன், அதற்குக்கூடப் பதில் இல்லை.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாரி வந்தது, ஏறியது, இறங்கியது என்று ஏதாவது எழுதுவாயே. சத்தமில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் என்றைக்கு அண்ணா சத்தமில்லாமல் இருந்தது?

கோழிகள் நலமா? அதை மட்டும் எழுது.

தங்கை


ஜூன் 14

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தீவனக்கடைக் குமாஸ்தா எழுதிக்கொள்வது. தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்று காலை தங்கள் அண்ணன் கடைக்கு வந்து பழைய பெஞ்சில் உட்கார்ந்து, "தங்கச்சிக்கு ஒரு கடுதாசி எழுதணும், நீங்களே எழுதுங்க" என்றார். "ஐயாதான் இப்போ எழுதறீங்களே" என்றேன். "கை வலிக்குது" என்றார். கை ஆறி ஒரு வாரம் ஆகிறது. அவர் சொன்னது இதுதான்: 'நான் நலம். கோழிகள் நலம். கவலைப்படாதே.' சொல்லிவிட்டு ஒட்டிக் கொடுக்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அம்மா, இத்தனை வருஷமாக அவர் சொன்னதில் காரத்தை எடுத்துவிட்டுத் தங்களுக்கு எழுதினேன். தாங்கள் எழுதியதிலும் அப்படியே செய்தேன். அது தப்போ சரியோ, இரண்டு வீட்டிலும் அடுப்பு நிம்மதியாக எரிந்தது. இன்று அவர் சொன்னதில் எடுத்துப்போட ஒன்றுமே இல்லை. அதனால் அவர் சொல்லாததை எழுதுகிறேன்.

தங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று மதியம் அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்றார். திட்டு இருந்தால் என்ன, தானே வாசிக்கிறோம் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. பெஞ்சில் நான்கைந்து பேர் இருந்தோம். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். கிணற்றுச் சுவர் இடத்தில் அவரே சிரித்துவிட்டு, "தள்ளிவிட்டது அவதான்யா" என்றார். அப்போது கடை விசிறி நின்றது. "ஐயா, கரண்ட் போயிடுச்சு" என்றேன். "இருங்க, ரெண்டு வரி பாக்கி, முடிச்சிடறேன்" என்றார். என் கையில் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் வாசித்திருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். அவர் எழுத்துக்கூட்டினார். 'என் அண்ணன் கொட்டகைக்கு' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். திரும்பவும் முதலிலிருந்து அந்த வரியை வாசித்தார். பிறகுதான் எழுந்து ஓடினார்.

அவர் போய் ஜெனரேட்டரைக் கிளப்புவதற்குள் கொட்டகை வெந்துவிட்டது. நாங்களும் பின்னாலேயே போனோம். கூண்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு கையிலும் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் கிழித்து நகம் பெயர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. பிழைத்தது கொஞ்சம்தான். செத்தவற்றைக் காற்றாடிக்காக வெட்டிய குழியில் போட்டு மூடினோம். அது தங்கள் நிலம். கேட்காமல் செய்தோம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரோடு நின்று கோஷம் போட்டவர்கள் ஒருத்தரும் மண் தள்ள வரவில்லை. மறுவாரம் நாற்றம் வருகிறது என்று அவர்மேல் ஒரு மனு எழுதினார்கள். அதையும் அவர் வாங்கி விரல் வைத்து வாசித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

மிச்சமிருக்கும் கோழிகளை அவர் கூண்டில் போடவில்லை. தங்கள் பாதி நிலத்தில் திரிகின்றன.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தெரியட்டும்.

பணிவுடன்,
குமாஸ்தா


ஜூன் 25

அண்ணனுக்கு,

என் கடிதம் நீளமாக இருந்தது. இனிமேல் சுருக்கமாக எழுதுகிறேன்.

யாரைக் கேட்டு என் நிலத்தில் கோழி விட்டாய்?

பதில் உன் கையால் வர வேண்டும்.

வாயாடி


ஜூலை 8

வாயாடிக்கு,

யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சரி என்றிருப்பாய். அது எனக்குப் பிடிக்காது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நகம் முளைத்துவிட்டது. குமாஸ்தாவோடு நான் பேசுவதில்லை. இரண்டு நாளாக. நாளை பேசிவிடுவேன், தீவனம் வாங்க வேண்டும்.

நீ சுருக்கமாக எழுத வேண்டாம். நீளமாகவே எழுது. நான் வேலை முடித்துவிட்டு வாசிக்கிறேன்.

கம்பெனி ஆபீசுக்குப் போனேன். திரும்ப வந்து நடுங்கள் என்று நானே ஒரு மனு எழுதி எடுத்துப்போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வாசித்துவிட்டு, "காத்தாடி வேற ஊருக்குப் போயிடுச்சுங்க ஐயா. அங்கயும் ரோட்டுல பலகை வச்சிட்டாங்க" என்றாள். "சிவப்பு பெயின்ட்டா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். என் மனுவைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்து அழகாக இருக்கிறது என்றாள்.

லாரி டிரைவர் வந்திருந்தார். உன் தெருக் கடைக்கு இப்போது வேறு கொட்டகையிலிருந்து போகிறதாம். கூண்டு முட்டைதான். "யாராவது கேட்டாங்களா?" என்றேன். "எதை?" என்றார்.

மூலையில் அழுக்காக இருக்கிறது என்று முகம் சுளிக்காதே. இந்தத் தாளை எழுதுவதற்கு முன்னால் உன் நிலத்தில் விரித்து நான்கு பக்கமும் கல் வைத்தேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கோழி, கழுத்தில் இறகு தேய்ந்தது, வந்து மேலே நின்றது. கொத்தவில்லை. நின்றபடியே இறக்கையை விரித்தது. இரண்டு பக்கமும் தாளைத் தாண்டி வெளியே போயிற்று. அப்புறம் அது இறங்கித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அழுக்கு அதன் கால்.

இதனால் நீ ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. கிணற்றில் தள்ளிவிட்டது நீதான்.

கேட்டிருந்தாய். இருக்கிற கோழிகள் நலம்.

அண்ணன்